பின்சக்கர நியாயம்

எங்கள் ஊரில் பொங்கலுக்கு மறுநாள் ஸ்லோ சைக்கிள் போட்டி நடக்கும். பந்தயம் என்றால் முந்திப் போகிறவனுக்குப் பரிசு என்பதுதானே உலக வழக்கம்? இதில் எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சேருகிறவனுக்குப் பரிசு. வழியில் காலைக் கீழே ஊன்றினால் ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். பதினேழாவது வயதில் அந்தப் போட்டியில் ஜெயித்து நான் ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. சைக்கிளைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் யாராவது, "உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியுமா?" என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் "தெரியும்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். "ஒரு காலத்தில் தெரிந்திருந்தது" என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்தத் 'தெரியும்' என்கிற சொல்லில் ஏதோ ஒரு சிறு மோசடி ஒளிந்திருக்கிறது என்ற சந்தேகம் எனக்குப் போன வருஷம் எடின்பரோவில்தான் வந்தது.

என் அக்காள் மகள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். "ஒரு தடவை வந்து இருந்துட்டுப் போங்க மாமா" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டாள். ஜூன் மாசத்தில் போய் இறங்கினேன். பழைய கல் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவள் குடியிருந்தாள். அந்த ஊரில் இப்படிப்பட்ட நாலு மாடிக் கல் வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. பின்பக்கத்தில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரு புல்தரை. அதில் துணி உலர்த்தக் கொடி கட்டும் இரும்புக் கம்பங்கள். ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. தூக்கம் பிடிக்காமல் நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மடியில் ஒரு கடிதம் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பது மணி வாக்கில் கீழ் வீட்டுக்காரர் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புல்தரைக்கு வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும்; தச்சு வேலை செய்கிறவர். அந்தச் சைக்கிளில் உட்காருவதற்கு இடமே கிடையாது. ஸீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சட்டம் தாழ்ந்து, கைப்பிடி உயர்ந்து, பின்சக்கரத்து டயர் முன்சக்கரத்தை விடத் தடித்து, பார்ப்பதற்கு ஒரு விநோதமான ஜந்து போல இருந்தது. அவர் அதன்மேல் ஏறி, இரண்டு பெடலிலும் நின்றபடியே, நகராமல் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு முன்சக்கரத்தை மேலே தூக்கிப் பின்சக்கரம் ஒன்றிலேயே நிற்கப் பார்ப்பார். ஒரு துள்ளல், இரண்டு துள்ளல். முன்சக்கரம் தொப்பென்று புல்லில் விழும். மறுபடியும் தூக்குவார். மறுபடியும் விழும். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவையாவது இது நடக்கும். பக்கத்தில் அவருடைய பதினொரு வயது மகள் ஒரு குட்டிச் சைக்கிளில் இதே வித்தையைப் பழகிக்கொண்டிருப்பாள்.

நாலாவது நாள் என் அக்காள் மகள் வந்து சொன்னாள்: "மாமா, நீங்க ஜன்னல்லேருந்து பாக்கறது அவருக்குத் தெரியும். கீழே வந்து பாக்கச் சொல்றார்." வெட்கத்தோடு இறங்கிப் போனேன். அவர் பேசிய ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. மீதியை அவள் விளக்கினாள்.

இந்த வித்தைக்கு ட்ரயல்ஸ் என்று பெயர். முதலில் இது மோட்டார் சைக்கிள் விளையாட்டு. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ட்ரயல்ஸ் போட்டி 1909-ஆம் வருஷத்திலிருந்தே உண்டு. பாறைகளிலும் ஓடைகளிலும் மெதுவாக, காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்டிப் போவதுதான் ஆட்டம். யார் வேகமாகப் போகிறார் என்பது முக்கியமில்லை. ஸ்பெயின் தேசத்தில் கட்டலோனியா பகுதியைச் சேர்ந்த பெத்ரோ பீ என்ற மோட்டார் சைக்கிள் வீரர் 1970-களில் தம் மகனுக்கு இதே ஆட்டத்தைச் சைக்கிளில் பழக்கினார். மொந்தேசா மோட்டார் சைக்கிள் கம்பெனி குழந்தைகளுக்காக அப்படிப்பட்ட சைக்கிள்களையும் செய்தது. அந்த மகன் ஓட் பீ பிற்பாடு பல முறை உலக சாம்பியன் ஆனார். அப்பன் மகனுக்கு விளையாட்டாகக் கொடுத்த பயிற்சி தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. இதே எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டானி மக்காஸ்கில் என்ற இளைஞர், கூர்மையான இரும்பு வேலியின் மேல் சைக்கிள் ஓட்டிப் போகிற படம் 2009-ல் வெளிவந்து உலகமெல்லாம் பார்க்கப்பட்டது. அதைப் பார்க்கிறவர்கள் இதை ஏதோ பிறவி வரம் என்றே நினைப்பார்கள். புல்தரையில் நாற்பது தடவை முன்சக்கரம் விழுகிற காட்சியைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

"நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "இல்லை, எனக்கு இது தெரியும்" என்றார்.

பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து நாலு வரைக்கும் ஓட்டினாராம். மணிக்கட்டு ஒரு முறை முறிந்தது, பிறகு கல்யாணம், பிறகு வேலை. சைக்கிள் பரணில் ஏறிவிட்டது. இந்த வசந்த காலத்தில் மகள் அதைக் கண்டுபிடித்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறாள். விளக்கிவிட்டு, "எனக்கு இது நன்றாகத் தெரியும்" என்றிருக்கிறார். அந்தப் பெண், "எங்கே, செய்து காட்டு" என்றது. அங்கே ஆரம்பித்தது வினை.

பின்சக்கரத்தில் நிற்பது எப்படி என்று அவர் எனக்கு விளக்கினார். இரண்டு பெடலும் மட்டமாக இருக்க வேண்டும்; பழகிய கால் முன்னால் இருக்க வேண்டும். லேசாக உட்கார்ந்து எழுந்து, முன்காலால் பெடலை ஒரு மிதி மிதித்து, உடம்பைப் பின்னால் கொண்டுபோனால் முன்சக்கரம் எழும்பும். உடனே பின் பிரேக்கை இறுகப் பிடித்துவிட வேண்டும். இப்போது மொத்த பாரமும் பின்சக்கரம் தரையைத் தொடுகிற உள்ளங்கை அளவு இடத்தின்மேல் நிற்கிறது. ஒரு நொடிக்கு மேல் அது அப்படியே நிற்காது. எந்தப் பக்கமாவது சாயும். சாய்கிற பக்கத்துக்கு ஒரு சின்னத் துள்ளலில் சக்கரத்தை எடுத்து வைக்க வேண்டும். முன்னால் சாய்ந்தால் பிரேக்கைத் தளர்த்தி, ஒரு மிதி மிதித்து, சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுபோய் மறுபடி பிரேக் பிடிக்க வேண்டும். துள்ளல் நின்றால் ஆள் விழுவான்.

இதைக் கேட்டபோது எனக்கு வள்ளுவர் ஞாபகம் வந்தார். நடுவுநிலைமைக்கு அவர் துலாக்கோலை உவமை சொல்லியிருக்கிறார். மகத்தான உவமை, ஆனால் துலாக்கோல் மேலேயிருந்து தொங்குகிற பொருள். தொங்குகிற பொருளை எவ்வளவு ஆட்டினாலும் அது ஆடி அடங்கித் தன் நடுவுக்கே வந்து சேரும். கீழேயிருந்து நிற்கிற பொருளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. விரல் நுனியில் நிறுத்திய குச்சி, தன் நடுவை விட்டு ஒரு தரம் விலகினால், மேலும் மேலும் விலகத்தான் செய்யும். நீதிபதியின் ஆசனத்துக்குத் துலாக்கோல் பொருந்தலாம். நம்மைப் போல் அன்றாடம் வேலை, உறவு, கடமை என்று மிதித்துக்கொண்டிருக்கிறவர்களை மேலேயிருந்து யாரும் கயிறு கட்டிப் பிடிக்கவில்லை. நாம் பின்சக்கரத்துக்காரர்கள். இந்த விஷயத்தை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். யோசிக்கக் காரணம், மடியில் இருந்த அந்தக் கடிதம்தான்.

எழுத்தாளன் என்று பெயர் வந்துவிட்டால் முன்னுரை கேட்டு வருகிறவர்கள் ஜாஸ்தி. பதினைந்து வருஷமாக நான் ஒரு விரதம் வைத்திருந்தேன்: முழுக்கப் படிக்காமல் எந்தப் புத்தகத்துக்கும் முன்னுரை எழுதுவதில்லை, பிடிக்காததைப் பிடித்தது என்று எழுதுவதில்லை. இதனால் சிநேகிதர்கள் சிலரை இழந்திருக்கிறேன். அந்த இழப்பில் ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கு ஒரு வகையில் வேண்டியவர், மறுக்க முடியாதபடி உபகாரம் செய்திருந்தவர், தம் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது பக்கம் படித்தேன். மேலே படிக்க முடியவில்லை. ஆனால் மூன்று பக்க முன்னுரை எழுதிக் கொடுத்தேன். அதில் "உள்ளத்தை உருக்கும் முடிவு" என்று வேறு ஒரு வரி. அந்த முடிவை நான் கண்ணால் கூடப் பார்க்கவில்லை.

எங்கோ ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அந்த முன்னுரையை நம்பிப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார். நாலே வரிக் கடிதம் எழுதினார். "உங்கள் பெயரைப் பார்த்து முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். பணம் போனதைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தை நீங்கள் படித்தீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்."

அந்தக் கடிதத்துக்கு ஆறு மாசமாக நான் பதில் எழுதவில்லை. எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாறு பதில்கள் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் என் பதினைந்து வருஷ விரதத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. யார் யாருக்கெல்லாம் மறுத்தேன், எதையெல்லாம் இழந்தேன் என்று பட்டியல் போட்டிருந்தேன். பாங்கியில் பணம் போட்டு வைத்தவன் ஒரு நாள் கொஞ்சம் எடுத்துச் செலவழித்தால் என்ன தப்பு என்கிற தோரணை. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அவற்றில் பதில் இல்லை.

கீழே மூன்று வாரமாகியும் தச்சருக்கு இரண்டு துள்ளலுக்கு மேல் வரவில்லை. மகளுக்கோ ஐந்து துள்ளல் வந்துவிட்டது. இது எனக்குப் புதிராக இருந்தது. பழையதை மறுபடி கற்பது புதிதாகக் கற்பதை விடச் சுலபம் என்றுதானே நினைக்கிறோம்? அது வெறும் நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் எப்பிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதை அளந்தே காட்டியிருக்கிறார். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, மறக்க விட்டு, மறுபடி மனப்பாடம் செய்தார். சோதனைக்கு ஆள் அவரேதான். முதல் தடவையை விட இரண்டாம் தடவைக்குக் குறைந்த நேரமே பிடித்தது. அப்படி மிச்சமான நேரத்துக்குச் 'சேமிப்பு' என்று பெயர் வைத்தார். கற்றது அடியோடு போய்விடுவதில்லை. ஏதோ ஒரு தடம் இருக்கத்தான் செய்கிறது. உடம்பால் கற்ற வித்தைகளில் அந்தத் தடம் இன்னும் ஆழம் என்பதற்கு, குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நம்மில் யாரும் சாட்சி சொல்லலாம்.

அப்படியானால் தச்சரின் சேமிப்பு எங்கே போயிற்று?

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பதினொரு வயதுப் பெண்ணே விடையைச் சொல்லிவிட்டாள். "அப்பா, நீ பின்னாலே விழவே மாட்டேன் என்கிறாய்."

உண்மை. நான் கவனித்துப் பார்த்தேன். அந்தப் பெண் முன்னாலும் விழுந்தாள், பின்னாலும் விழுந்தாள், புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் முன்னால் மட்டுமே விழுந்தார். முன்னால் விழுவது கௌரவமான விழுகை. முன்சக்கரம் தரைக்கு வரும், அவ்வளவுதான். ஆள் அப்படியே நிற்பான். பார்க்கிறவனுக்கு அது விழுகையாகவே தெரியாது. பின்னால் போனால்தான் சைக்கிள் கையை விட்டு நழுவும், கால்கள் பெடலை விட்டுத் தரையைத் தேடும், மல்லாந்து விழவும் கூடும். அதைத் தவிர்க்க அவர் உடம்பைச் சரியான இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திக்கொண்டிருந்தார். நடு எங்கே இருக்கிறது என்பது அதைத் தாண்டிப் போனவனுக்குத்தானே தெரியும்? அந்தக் குழந்தைக்குக் காப்பாற்றிக்கொள்ள முந்தின பெயர் எதுவும் இல்லை. அவருக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பெயர் இருந்தது. சேமிப்பெல்லாம் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

அவர் நல்ல மனிதர். மகள் சொன்னதற்குக் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு வேண்டுமென்றே முன்சக்கரத்தை அளவுக்கு மேல் தூக்கி, பின்னால் சாய்ந்து, பெடலை விட்டுக் காலைத் தரையில் வைத்து இறங்கினார். மறுபடியும் அதே. அன்று முழுவதும் இறங்குவதைத்தான் பழகினார். "இதுதான் முதல் பாடம். இருபத்து நாலு வயதில் இது எனக்கு மறந்துபோகிற அளவுக்குக் கெட்டிக்காரனாகிவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஏழு துள்ளல் நின்றார். மேல் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து கை தட்டினார்கள்.

"பழையபடி வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "பழையது இருபது வயது உடம்போடு போய்விட்டது. என் கைகள் இன்னும் அந்த உடம்பின் கனத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன. இது வேறு."

அப்போதுதான் அவர் மார்ட்டின் ஆஷ்டன் என்பவரைப் பற்றிச் சொன்னார். பிரிட்டனில் ட்ரயல்ஸ் சாம்பியனாக இருந்தவர் அவர். 2013 செப்டம்பரில் சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலில் வித்தை காட்டும்போது உயரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. அவர் அப்போது பாதி எடுத்து முடித்திருந்த படத்தைச் சக வீரர்கள் நடித்து முடித்துக் கொடுத்தார்கள். 2015-ல் ஆஷ்டன் மறுபடி சைக்கிளில் ஏறினார். முதுகைத் தாங்கும் இருக்கை பொருத்திய சைக்கிள். மிதிக்க முடியாது, நண்பர்கள் கூட வர, மலைப்பாதையின் இறக்கத்தில் ஓட்டி இறங்கினார். பின்சக்கரத்தில் துள்ளிய வித்தை அவருக்குத் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. அவர் கற்றுக்கொண்டது, இருக்கிற உடம்பால் இன்று எது முடியுமோ அதை. போனதைப் போனதென்று ஒப்புக்கொள்ளாதவரால் அந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய நஷ்டத்தையும் என் அற்பத்தனத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அன்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தச்சர் சைக்கிளை என் பக்கம் நீட்டினார். "உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியுமாமே?" என்றார். என் அக்காள் மகள் எவர்சில்வர் டம்ளர் கதையைச் சொல்லிவிட்டிருக்கிறாள். வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து ஏறினேன். பின்சக்கரத்தில் நிற்பது கிடக்கட்டும். இரண்டு சக்கரத்திலும் நகராமல் நிற்க முயன்றேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை, இடது கால் தானாகப் புல்லில் ஊன்றிக்கொண்டது.

"ஒன்று" என்றாள் அந்தப் பெண்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸில் கணக்கு இப்படி: ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு புள்ளி பாதகம். இரண்டு தடவைக்கு இரண்டு. மூன்றோ அதற்கு மேலோ ஊன்றினால் மூன்று. விழுந்தாலோ வழியை விட்டு வெளியே போனாலோ ஐந்து. சைக்கிள் போட்டிகளில் கணக்கு முறை பிற்பாடு மாறியிருக்கிறது என்றாலும், அந்தக் குழந்தைக்குத் தகப்பன் சொல்லிக் கொடுத்தது இந்தப் பழைய கணக்குத்தான். பக்கத்திலேயே ஒருவர் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வார். ஊன்றியவன் ஊன்றினேன் என்று ஏற்றுக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருக்கலாம்.

எங்கள் ஊர்ப் போட்டியில் கால் ஊன்றினால் ஆட்டமே போச்சு. அதனால்தானோ என்னவோ, ஊன்றிய பையன்களெல்லாம் "ஊன்றவில்லை, ஊன்றவில்லை" என்று சத்தியம் செய்வார்கள். நானும் ஒரு வருஷம் செய்திருக்கிறேன். ஒரு தடவை தவறினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறவன்தான் தவறவே இல்லை என்று சாதிக்கிறான். பதினைந்து வருஷ விரதத்தை நான் ஒரு கண்ணாடிப் பாத்திரமாக நினைத்துவிட்டேன். ஒரு கீறல் விழுந்தால் வீண் என்று பயந்து, கீறலே இல்லை என்று நிரூபிக்க ஆறு மாசம் பட்டியல் போட்டேன். அது பாத்திரமாக என்றைக்கும் இருந்ததில்லை. ஒவ்வொரு புத்தகம் வந்தபோதும் நான் புதிதாகத் துள்ளிய துள்ளல்கள்தான் அவை. ஒன்றில் கால் ஊன்றிவிட்டேன். முந்தின துள்ளல்கள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த ஒன்றை ஈடுகட்டாது.

அன்று இரவு வெளிச்சம் மங்குவதற்குள் பதில் எழுதினேன். "அம்மையீர், நான் அந்தப் புத்தகத்தை நாற்பது பக்கமே படித்தேன். படித்தது போல எழுதியது தவறு. மன்னிக்க வேண்டும்." அவ்வளவுதான். விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முந்நூற்றைம்பது ரூபாயைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று அவரே எழுதியிருந்ததால், அது அவரை அவமதிப்பதாகும் என்று விட்டுவிட்டேன். உபகாரம் செய்தவருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பு வந்தால் என் முன்னுரையை எடுத்துவிடும்படி கேட்டிருந்தேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஆசிரியையிடமிருந்தும் பதில் வரவில்லை.

ஊருக்கு வந்த மறு வாரமே ஓர் இளைஞர் கையெழுத்துப் பிரதியோடு வந்து நின்றார். "நீங்கள் கறாரானவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாங்கி வைத்துக்கொண்டு, முழுக்கப் படிக்க ஒரு மாசம் வேண்டும் என்றேன். இப்போது இருநூறாவது பக்கத்தில் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையன் புதுச் சைக்கிளோடு வந்து, "உங்களுக்கு விடத் தெரியுமா, அங்கிள்?" என்று கேட்டான்.

"கொடு, விட்டுப் பார்க்கிறேன்" என்றேன்.